பழைய அமெரிக்க சென்ட் வாங்கப் போகிறாயா? இந்த அக்கா சொல்வதைக் கேட்டுவிட்டுப் போ!

தங்கச்சி, 2025 நவம்பர் 12ஆம் தேதி பிலடெல்பியா நாணயச்சாலையில் புழக்கத்துக்கான கடைசி ஒரு சென்ட் நாணயங்களை அடித்து முடித்தார்கள். ஒரு சென்ட் அடிக்க ஏறக்குறைய 3.7 சென்ட் செலவானால் எந்த அரசாங்கம்தான் தாங்கும்? அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து உனக்கு ஒரே யோசனை. லிங்கன் தலை போட்ட சில்லறையை டப்பா டப்பாவாகச் சேர்த்து வைத்தால் நாளைக்கு லட்சக்கணக்கில் போகுமா என்று கேட்கிறாய். போகாது. ஆண்டுக்குப் பல நூறு கோடி அடித்துத் தள்ளிய நாணயம் அது. நிறுத்திவிட்டார்கள் என்பதற்காக அரிதாகிவிடாது. ‘உங்கள் வீட்டில் இந்த பென்னி இருந்தால் நீங்கள் கோடீஸ்வரர்’ என்று வரும் வீடியோக்களை முதலில் பார்க்காமல் இரு. பாதிப் பணம் அப்போதே மிச்சம்.

ஆனால் உன் ஆசை நல்ல ஆசை. அதைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வை என்றுதான் சொல்கிறேன். 1793 முதல் 1857 வரை அமெரிக்கா அடித்த சுத்தச் செம்பு சென்ட் இருக்கிறதே, ‘லார்ஜ் சென்ட்’ என்பார்கள், அதைச் சேர். இன்றைய பென்னி அதன் பக்கத்தில் குழந்தை மாதிரி இருக்கும். பெரும்பாலான லார்ஜ் சென்ட்டுகள் நம் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே அகலமானவை. கையில் வைத்தால் கனம் தெரியும். தொடக்க ஆண்டுகளில் ஒவ்வொரு அச்சையும் கையால் வெட்டினார்கள். அதனால் ஒரே ஆண்டு நாணயத்திலேயே முகம் மாறும், முடி மாறும், எழுத்துக்கு எழுத்து இடைவெளி மாறும். செம்பு சேர்ப்பவர்கள் ஆயுசு முழுக்க இதிலேயே கிடப்பதற்குக் காரணம் அதுதான்.

வரலாறு தெரியாமல் இதில் இறங்காதே. இங்கே வரலாறு கதைக்காக இல்லை, ஏமாறாமல் இருப்பதற்காக.

அமெரிக்காவின் முதல் நாணயச் சட்டம் 1792 ஏப்ரல் 2ஆம் தேதியது. ஒரு சென்ட்டில் 264 கிரெயின் செம்பு இருக்க வேண்டும் என்றது. கிட்டத்தட்ட 17 கிராம். நாணயம் என்றால் அதன் உலோகமே அந்த மதிப்புக்கு ஈடாக இருக்க வேண்டும் என்று மக்கள் நம்பிய காலம். ஆனால் நாணயச்சாலை புழக்கத்துக்கு ஒன்றையும் அடிப்பதற்கு முன்பே செம்பு விலை ஏறிவிட்டது. 1793 ஜனவரியில் எடையை 208 கிரெயினாக, அதாவது 13.48 கிராமாகக் குறைத்தார்கள். அதுவும் கட்டவில்லை. 1795 முடியும் தருவாயில் 168 கிரெயின் என்று இறக்கினார்கள். அது 10.89 கிராம். 1857 வரை அதே எடைதான்.

இந்த மூன்று எண்களில் பின்னிரண்டையும் மனப்பாடம் செய். நகைக்கடைக்காரர் வைத்திருக்கிற மாதிரி ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிக்கொள். 1794 என்று தேதி போட்ட சென்ட் ஒன்று பத்து, பதினோரு கிராம்தான் இருக்கிறது என்றால், எவ்வளவு தேய்ந்திருந்தாலும் சந்தேகப்படு. தேய்மானம் கொஞ்சம் எடையைத் தின்னும். ஐந்தில் ஒரு பங்கைச் சும்மா தின்றுவிடாது. அடுத்து விளிம்பைப் பார். கனமான பழைய சென்ட்டுகளில் விளிம்பிலேயே அலங்காரமோ எழுத்தோ இருக்கும். 1794 சென்ட்டின் விளிம்பைச் சுற்றி ‘ஒன் ஹண்ட்ரட் ஃபார் எ டாலர்’ என்று பொறித்திருப்பார்கள். எடையைக் குறைத்தபோது நாணயம் மெல்லியதாகிவிட்டது, எழுத இடமில்லை, விளிம்பை வெறுமையாக விட்டுவிட்டார்கள். 1795ஆம் ஆண்டு நாணயத்தில் மட்டும் இரண்டு வகையும் உண்டு, குழம்பாதே.

1793ஐப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். செம்பு சேர்ப்பவர் யாரிடம் பேசினாலும் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். மார்ச் மாதம் முதல் தவணையாக 36,103 சென்ட்டுகள் வெளியே வந்தன. முன்பக்கம் விரித்த கூந்தலோடு சுதந்திர தேவி. பின்பக்கம் பதினைந்து வளையங்கள் கோத்த சங்கிலி, அப்போதிருந்த பதினைந்து மாநிலங்களுக்கு அடையாளமாக. வடிவமைத்தவர் ஹென்றி வோய்ட் என்கிறார்கள். ஒற்றுமையைக் காட்ட நினைத்தார்கள், ஜனங்களுக்கு அடிமைச் சங்கிலி தெரிந்தது. சுதந்திரம் பேசுகிற நாட்டின் நாணயத்தில் சங்கிலியா என்று பத்திரிகையில் எழுதினார்கள். தேவியின் முகமே ஏதோ பயந்துபோன மாதிரி இருக்கிறது என்றும் எழுதினார்கள். முதல் அச்சில் ‘அமெரிக்கா’ என்ற பெயரைக்கூட முழுதாக வெட்டாமல் ‘அமெரி’ என்று பாதியில் ஒரு புள்ளி வைத்து நிறுத்தியிருந்தார்கள்.

விளைவு, சில வாரங்களிலேயே சங்கிலி போய் இலை வளையம் வந்தது. அதே ஆண்டு இலையுதிர் காலத்துக்குள் மூன்றாவது வடிவம், தோளில் கழியும் அதன்மேல் தொப்பியும் தாங்கிய ‘லிபர்ட்டி கேப்’. அதை வடித்த ஜோசப் ரைட் அந்தச் செப்டம்பரில் பிலடெல்பியாவை வாட்டிய மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார். அவர் வடிவத்தில் 1793 தேதியோடு வந்தவை 11,056 மட்டுமே. ஒரே ஆண்டில் மூன்று வடிவம், மூன்றும் சேர்த்து ஒரு லட்சத்துச் சொச்சம் நாணயம்தான். மிக நல்ல நிலையிலிருந்த ஒரு சங்கிலி சென்ட் 2012 ஜனவரி ஏலத்தில் 13,80,000 டாலருக்குப் போனது. முகம் தெரியாமல் தேய்ந்ததற்கே சில ஆயிரம் டாலர் கேட்பார்கள். உன் முதல் நாணயம் அதுவாக வேண்டாம். ஐந்தாவதாகவும் வேண்டாம். யாராவது ‘அவசரம், மலிவாகத் தருகிறேன்’ என்று சங்கிலி சென்ட் நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேடிக்கை மட்டும் பார்.

அந்தக் காலத்து நாணயச்சாலைக்குச் செம்பு கிடைப்பதே பெரும்பாடு. வீட்டுப் பழஞ்செம்பு வரை வாங்கி உருக்கினார்கள். நியூயார்க் வியாபாரிகள் வெளியிட்ட டோக்கன்களை 1795இல் மொத்தமாக வாங்கி, வெட்டி, அரை சென்ட் அடித்தார்கள். அதனால் 1796 வரைக்குமான சென்ட்டுகளில் விரிசல், பள்ளம், கறுத்த திட்டு எல்லாம் சகஜம். இங்கேதான் கண் பழக வேண்டும். அடிக்கும் முன்பே வட்டில் இருந்த குறை வேறு, பிறகு யாரோ சுரண்டியோ இடித்தோ ஏற்படுத்திய சேதம் வேறு. முதலாவதைச் சேகரிப்பவர்கள் மன்னிப்பார்கள். இரண்டாவது விலையைப் பாதியாக்கிவிடும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், பிறவிக் குறையின் மேல் அச்சின் கோடுகள் கொஞ்சமாவது ஏறி இறங்கிப் போயிருக்கும். பின்னால் வந்த கீறல் கோடுகளை அறுத்துக்கொண்டு போகும்.

1797 வாக்கில் இந்தத் தொல்லை குறைந்தது. இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கத்து சோஹோ ஆலையிலிருந்து மாத்யூ போல்டன் நல்ல செம்பு வட்டுகளைக் கப்பலில் அனுப்ப ஆரம்பித்தார். இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. நம் மதராஸ் மாகாணத்துக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி வெளியிட்ட 1803, 1808 தேதியிட்ட 20 காசு செம்பு நாணயம் பார்த்திருப்பாயே, அதுவும் அதே சோஹோவில் அடித்ததுதான். 1803 தேதியிட்ட ஒரு அமெரிக்க சென்ட்டையும் அதே ஆண்டின் மதராஸ் 20 காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். ஒரே ஆலையோடு தொடர்புடைய செம்பு, ஒன்று பிலடெல்பியாவுக்கும் மற்றொன்று சென்னைக் கடற்கரைக்கும் போயிருக்கிறது. அதிகச் செலவில்லாமல் இரண்டையும் வாங்கிவிடலாம். உன் பெட்டியில் முதல் ஜோடியாக இதை வைத்துக்கொண்டால் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

1812இல் பிரிட்டனோடு போர் மூண்டதும் அந்தக் கப்பல்கள் நின்றுபோயின. கையிருப்புச் செம்பு தீரும்வரை அடித்தார்கள். 1815 தேதியோடு ஒரு சென்ட்கூடக் கிடையாது. 1793 முதல் 2025 வரை சென்ட் இல்லாத ஒரே தேதி அது. யாராவது ‘1815 சென்ட், மிக அரியது’ என்று விற்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடு. 1808 முதல் 1814 வரை வந்த ‘கிளாசிக் ஹெட்’ வகையின் செம்பு மென்மையானது, சீக்கிரம் தேயும், சீக்கிரம் கறுக்கும். ஆகவே அந்த வகையில் முகம் நன்றாக இருப்பது கிடைத்தால் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பதில் தப்பில்லை.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

கடைசியிலிருந்து. 1840கள், 1850களின் ‘பிரெய்டட் ஹேர்’ சென்ட், பின்னிய கூந்தலோடு கிறிஸ்டியன் கோப்ரெக்ட் வடித்தது. 1851இல் மட்டும் ஏறத்தாழ 99 லட்சம் அடித்தார்கள். தேதியும் முகமும் தெளிவாக, ஒரே சீரான பழுப்பு நிறத்தில் ஒன்றை இருபது முப்பது டாலர் சுமாருக்கு வாங்கலாம். அப்படி ஒன்றை வாங்கி ஒரு மாதம் கையில் வைத்துப் பார். விளிம்பைப் பிடித்துத் தூக்கு, வெளிச்சத்தில் சாய்த்துப் பார், எடை போடு. நல்ல செம்பு எப்படி இருக்கும் என்று விரலுக்கும் கண்ணுக்கும் தெரிந்த பிறகுதான் அடுத்தது. பிறகு ‘மேட்ரன் ஹெட்’ ஒன்று, 1796 முதல் 1807 வரையான ‘டிரேப்டு பஸ்ட்’ ஒன்று என்று வடிவத்துக்கு ஒன்றாகப் பின்னோக்கிப் போ. சங்கிலியையும் 1793ஐயும் விட்டுவிட்டால் இந்த வரிசையை நிதானமாக முடித்துவிடலாம்.

உனக்குப் புதுசு போலச் சிவப்பாக மின்னும் பழைய சென்ட்தான் வேண்டுமா? அதற்கு ஒரு வழி உண்டு. உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஜார்ஜியாவில் ஒரு பழைய ரயில் நடைமேடைக்கு அடியில் புதைந்து கிடந்த சென்ட்டுகள் கிடைத்தன, பெரும்பாலும் 1816 முதல் 1820 வரை தேதி கொண்டவை. ராண்டல் புதையல் என்கிறார்கள். அதனால்தான் 1818, 1820 தேதிகளில் புழங்காத நாணயம் மற்ற ஆண்டுகளைவிட எளிதாகக் கிடைக்கிறது. அந்த ஆண்டுகளில் மின்னும் நாணயத்துக்கு ‘இருப்பதே நாலுதான்’ என்று விலை சொன்னால் நம்பாதே.

இப்போது, நீ மறக்கவே கூடாத ஒன்று. செம்பைத் தேய்க்காதே. நம் வீட்டில் செம்புக் குடம் கறுத்தால் அம்மா புளியைப் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கவிழ்த்து வைப்பாள், அந்தப் பழக்கம் நம் கையிலேயே ஊறியிருக்கிறது. நாணயத்திடம் அதைக் காட்டாதே. புளி, எலுமிச்சை, பற்பசை, சாம்பல், பித்தளைக்குப் போடும் பாலிஷ் ஒன்றும் வேண்டாம். இருநூறு ஆண்டில் ஏறிய அந்தப் பழுப்பு நிறம்தான் செம்பின் தோல். விலையே அதில்தான் இருக்கிறது. தேய்த்த நாணயம் இளஞ்சிவப்பாக, உயிரில்லாமல் நிற்கும். தெரிந்தவர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். அதே தேதி, அதே அளவு தேய்மானம், ஒன்று தேய்க்காதது, ஒன்று தேய்த்தது என்றால் விலை பாதிக்கும் கீழே போய்விடும். மேலே தூசி இருந்தால் மிக மென்மையான ஒட்டக முடித் தூரிகையால் மெதுவாகத் தட்டிவிடலாம், அவ்வளவுதான். பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் நீ கை வைக்காதே, அனுபவப்பட்டவரிடம் காட்டு. இன்னும் நல்லது, களிம்பு ஏறியதை வாங்காமலே இருப்பது.

மென்மையான பிவிசி பிளாஸ்டிக் உறையில் ஒருபோதும் போட்டு வைக்காதே. அதுவே பச்சைப் பிசுபிசுப்பை உண்டாக்கும். மைலார் உறை வாங்கு. செம்பு சேர்ப்பவர்கள் பழைய வழக்கப்படி பருத்தித் துணிச் சின்ன உறைக்குள் நாணயத்தை வைத்து, அதைக் காகித உறையில் போட்டு, மேலே விவரம் எழுதுவார்கள். அதுவும் நல்ல முறை. சென்னை மாதிரிக் கடலோர ஊரில் இருப்பவர்கள் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அவ்வப்போது மாற்ற வேண்டும். நாணயத்துக்கு நேரே வாய் வைத்துப் பேசாதே. எச்சில் துளி பட்ட இடம் கரும்புள்ளியாக நின்றுவிடும்.

கிரேடு விஷயத்துக்கு வருகிறேன். இன்று உலகம் முழுக்க நாணயத்துக்கு 1 முதல் 70 வரை மதிப்பெண் போடுகிறார்களே, அந்த அளவுகோல் பிறந்ததே இந்த சென்ட்டுகளுக்காகத்தான். வில்லியம் செல்டன் என்பவர் 1949இல் பழைய அமெரிக்க சென்ட்டுகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில், மிகத் தேய்ந்தது ஒரு டாலர் என்றால் மிகச் சிறந்தது எழுபது டாலர் என்று 1794 நாணயங்களின் சந்தை விலையை வைத்து அதை வகுத்தார். அந்த விலைக் கணக்கு எப்போதோ காலாவதியாகிவிட்டது, எண்கள் மட்டும் நிலைத்துவிட்டன. ‘எர்லி அமெரிக்கன் காப்பர்ஸ்’ என்று 1967இல் தொடங்கிய சேகரிப்பாளர் சங்கம் இருக்கிறது. அவர்கள் கணக்கு, தரம் பார்த்துப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரும் நிறுவனங்களின் கணக்கைவிடக் கறாரானது. பெட்டி மேல் 30 என்றிருப்பதை அவர்கள் 20 என்பார்கள். எனவே பெட்டியை வாங்காதே, நாணயத்தை வாங்கு. அதற்காகப் பெட்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐந்நூறு டாலருக்கு மேல் போகிற எதையும் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்களின் சான்றோடு வாங்கு. சான்று எண்ணை அவர்கள் தளத்தில் போட்டுப் படத்தோடு ஒப்பிடு. பெட்டியையே போலியாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

செல்டனின் கதைக்கு ஒரு கசப்பான பின்பகுதியும் உண்டு. நியூயார்க்கிலுள்ள அமெரிக்க நாணயவியல் சங்கத்துக்குக் கொடையாக வந்த சென்ட் தொகுப்பிலிருந்து நல்ல நாணயங்களை எடுத்துக்கொண்டு மட்டமானவற்றை அங்கே வைத்திருக்கிறார் என்பது அவர் இறந்த பிறகு வெளிவந்தது. அந்த நாணயங்களை நல்லெண்ணத்தோடு காசு கொடுத்து வாங்கியவர்கூட நீதிமன்றம்வரை போய்ச் சங்கத்திடம் இழக்க வேண்டியதாயிற்று. விலையுயர்ந்த செம்பு வாங்கும்போது ‘இது யாரிடமிருந்து வந்தது, எந்த ஏலத்தில் போனது’ என்று கேள். கேட்பதற்குக் கூச்சப்படாதே. விற்பவர் முகம் சுளித்தால் அதுவே ஒரு பதில்தான்.

போலிகளைப் பற்றி. பிலடெல்பியாவில் ஜோசப் மிக்லி என்று ஒருவர் இருந்தார், பியானோ, வயலின் பழுது பார்ப்பவர். தான் பிறந்த 1799ஆம் ஆண்டு சென்ட் ஒன்று வேண்டும் என்று இளம் வயதில் தேட ஆரம்பித்தார், கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது என்று சொல்வார்கள். அமெரிக்க நாணயச் சேகரிப்பின் தந்தை என்று அவரை அழைப்பதற்கு அந்தத் தேடலே தொடக்கம். 1799 இன்றும் அரிது. அதனாலேயே 1798இன் கடைசி எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கி விற்பது அன்றிலிருந்து நடக்கிறது. கடைசி எண்ணைச் சுற்றியுள்ள பரப்பைப் பூதக்கண்ணாடியில் பார், அங்கே மட்டும் தோல் வேறு மாதிரி இருக்கும். 1804க்கு இன்னும் எளிய சோதனை. அந்த ஆண்டின் உண்மையான சென்ட்டுகளில் தேதியிலுள்ள பூஜ்யத்துக்கு நேர் பின்னால், மறுபக்கத்தில் ‘ஆஃப்’ என்ற சொல்லின் ‘ஓ’ எழுத்து வரும். இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடு. நாணயச்சாலை தூக்கிப்போட்ட பழைய அச்சுகளை வைத்து 1860களின் வாக்கில் தனியார் அடித்த ‘1804’ நாணயமும் உண்டு. அதை அதன் பெயர் சொல்லியே விற்றால் வாங்கலாம், அசல் என்று விற்றால் கூடாது. 19ஆம் நூற்றாண்டில் மின்முலாம் முறையில் இரண்டு ஓடுகளைச் செய்து ஒட்டிய நகல்களும் சுற்றுகின்றன. விளிம்பில் ஒட்டின கோடு தெரியும், எடை ஒத்துவராது. 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி அமெரிக்காவில் செய்யும், இறக்குமதி ஆகும் நகல்களில் ‘காப்பி’ என்று பொறிக்க வேண்டும். பொறிக்காமல் வருபவைதான் ஆன்லைனில் குவிந்து கிடக்கின்றன. முதல் பத்து நாணயத்தை நேரில் பார்த்து, தெரிந்த வியாபாரியிடம், திருப்பிக்கொடுக்கும் உரிமையோடு வாங்கு.

கொஞ்சம் பழகிவிட்டால் 1794க்குப் போ. என் ஆசையும் அதுதான், ஒளிப்பானேன். அந்த ஓராண்டில் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்ட அச்சு வகைகள். எட்வர்ட் மாரிஸ் என்ற மருத்துவர் 1869இல் அவற்றை வரிசைப்படுத்தி, ‘வீனஸ் மரினா’, ‘படகோனியன்’, ‘தழும்புத் தலை’ என்றெல்லாம் பெயர் சூட்டினார். ஒரு வகையில் பின்பக்க ஓரத்தைச் சுற்றி 94 குட்டி நட்சத்திரங்கள் இருக்கும். ஏன் வெட்டினார்கள் என்பதற்கு இன்றுவரை ஒப்புக்கொண்ட விளக்கம் இல்லை. தேய்ந்த சாதாரண வகையாகவே ஒன்று வாங்கி, அது எந்த அச்சு என்று நீயே புத்தகத்தோடு உட்கார்ந்து கண்டுபிடி. விற்பவர் கவனிக்காமல் விட்ட அரிய வகை சில சமயம் சாதாரண விலைக்கே கைக்கு வரும். இந்தத் துறையில் படிப்பவருக்குக் கிடைக்கும் கூலி அது.

லாபத்தைப் பற்றி நேராகவே சொல்கிறேன். இருபது டாலர் நாணயம் உன்னைப் பணக்காரியாக்காது. நல்ல தோலுள்ள, வரலாறு தெரிந்த, வகை கண்டறிந்த செம்பை நியாயமான விலைக்கு வாங்கினால், பத்து ஆண்டு கழித்து விற்கும்போது போட்டது பெரும்பாலும் திரும்ப வரும், சில சமயம் கூடுதலாகவும் வரும். வியாபாரி வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியை மறக்காமல் கணக்கில் வை. வீட்டுக் கடன் கட்டும் பணத்தை இதில் போடாதே.

மிக்லியின் வீட்டில் 1867இல் திருடர்கள் புகுந்து தொகுப்பில் பெரும்பகுதியை அள்ளிப்போனார்கள். மிஞ்சியதை அவர் விற்றுவிட்டார். ஆகவே விலையுள்ளது சேரத் தொடங்கியதும் வங்கி லாக்கருக்கு மாற்று. ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து, எடை, வாங்கிய தேதி, விலை, விற்றவர் எல்லாம் ஒரே நோட்டில் எழுது. ரசீதைத் தூக்கிப்போடாதே. அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று மாப்பிள்ளையிடமும் சொல்லி வை. நாளைக்கு யாராவது வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று இறங்கினால், செம்புப் பெட்டியைக் கண்டதும் முதலில் தேடுவது புளியைத்தான்.